பள்ளி முடியும் அந்த வாரம்: வேலையைப் பிரிப்பது சரி, நினைப்பை யார் பிரிப்பது?

தாழ்வாரம்

வரும் வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிகிறது. பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 7. கடைசித் தேர்வு, ஆசிரியர்களைச் சந்திக்கும் நாள், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது, சின்னவனுக்கு நீச்சல் வகுப்புத் தொடக்கம், பெரியவளுக்கு விளையாட்டு அணித் தேர்வு, மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம். எல்லாம் ஒரே வாரத்தில். இதில் வெயில் வேறு.

ஓடுவது எனக்குப் பழக்கம்தான். உடம்பு களைத்தால் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். என்னை வாட்டுவது வேறு. எது எந்த நாள், யாருக்கு என்ன வேண்டும், எது விட்டுப்போகக்கூடும் என்பதெல்லாம் என் ஒருத்தியின் தலைக்குள் இருக்கிறது. கணவர் வேலைக்குத் தயங்குகிறவர் இல்லை. சொன்னால் உடனே எழுந்துவிடுவார். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடத்து நீச்சல் உடை சின்னவனுக்கு இப்போது சேராது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தோன்றுகிறது.

உங்கள் வீடுகளில் இந்த வாரத்தை எப்படிக் கடத்துகிறீர்கள்? அட்டவணையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. யார் எதை மனதில் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூத்தவள்

பேரப்பிள்ளைகளோடு இருக்கிறவள் நான். நீ எழுதியிருக்கும் ஏழு காரியத்தில் எது தள்ளிப்போகும், எது தள்ளாது என்று முதலில் பார் அம்மா. தேர்வும் கண் பரிசோதனையும் தள்ளாது. அணித் தேர்வும் தள்ளாது. நீச்சல் வகுப்பு ஒரு வாரம் கழித்துத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகளை எதிலாவது சேர்த்துவிட வேண்டும் என்று இந்தக் காலத்துத் தாய் தகப்பன்மார் பரபரக்கிறார்கள். வருடம் முழுக்க மணி அடித்ததும் எழுந்து, மணி அடித்ததும் சாப்பிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த மணி நின்றதும் முதல் சில நாள் என்ன செய்வதென்றே தெரியாமல் சண்டை போடுவார்கள், சோம்பிக் கிடப்பார்கள், எதற்கெடுத்தாலும் அழுவார்கள். அதைப் பார்த்துப் பயந்து ஒரு வகுப்பில் தள்ளிவிட்டால் அங்கேயும் அதே அழுகைதான். கொஞ்சம் கிடக்க விடு. தானாக எழுந்து ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

நடுநிசி

நான் இரவுப் பணியில் இருக்கிறவன், இரண்டு பையன்களுக்கு அப்பா. தாழ்வாரம் அக்கா, உங்கள் கணவர் இடத்திலிருந்து ஒரு கேள்வி. என் மனைவியும் இதையேதான் சொல்கிறார். எனக்கு உண்மையாகவே புரியவில்லை. ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால் அதில் உள்ள எல்லாவற்றையும் நான் முடித்துவிடுவேன். யார் சொன்னால் என்ன, வேலை நடந்தால் போதாதா? பட்டியல் கேட்பது எந்த வகையில் குறை?

தாழ்வாரம்

குறை என்று சொல்லவில்லை தம்பி. நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. பட்டியல் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குப் பின்னால் மாதக்கணக்கான கவனிப்பு இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையைப் படித்தது, சின்னவன் தண்ணீருக்குப் பயப்படுகிறான் என்று கண்டுகொண்டது, எந்தப் பயிற்சியாளர் பொறுமைசாலி என்று நாலு பேரிடம் விசாரித்தது எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. பட்டியலைக் கொடுத்த பிறகும் அது முடிவதில்லை. நடந்ததா இல்லையா என்று மனம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தரவுத்தேடி

இந்தப் பேச்சுக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வு இருக்கிறது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, 2019ல் அமெரிக்கன் சோசியாலஜிகல் ரிவ்யூ இதழில் கட்டுரை எழுதினார். வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத சிந்தனைப் பகுதியை அவர் நான்காகப் பிரிக்கிறார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, ஒன்றை முடிவு செய்வது, பிறகு அது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது.

அவர் கண்டது என்னவென்றால், முடிவெடுக்கும் இடத்தில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே உட்காருகிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசியில் கண்காணிப்பதும்தான் பெண்கள் பக்கம் அதிகமாகச் சாய்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் "நாங்கள் எல்லாவற்றையும் பேசித்தான் முடிவு செய்கிறோம்" என்று இருவருமே சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. பேச்சு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் நடப்பதுதான் ஒருவரிடமே தங்கிவிடுகிறது.

நடுநிசி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பட்டியலை வாங்கிச் செய்யும்போது இந்த நான்கிலும் இல்லாத ஐந்தாவது பகுதியை, அதாவது உடல் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். நான்கும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஒரு வாரத்தில் ஒரு காரியம் என்றால் அது தெரியாது. கோடையின் முதல் வாரத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதால் பளிச்சென்று தெரிகிறது. பள்ளி இருக்கும்போது எழும் நேரம், சாப்பாட்டு நேரம், விளையாட்டு நேரம், நண்பர்களைப் பார்க்கும் நேரம் எல்லாவற்றையும் பள்ளியே தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறது. அது விலகியதும் அத்தனையையும் வீட்டில் ஒருவர் யோசித்தாக வேண்டும்.

நடுநிசி

சரி, இப்போது புரிகிறது. அப்படியானால் பட்டியலில் உள்ள வேலைகளைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதைவிட, ஒரு விஷயத்தை முழுசாக எடுத்துக்கொள்வதுதான் சரியா? உதாரணத்துக்கு, நீச்சல் என்றால் உடை அளவு முதல் பயிற்சியாளரிடம் பேசுவது, பையன் எப்படிப் பழகுகிறான் என்று பார்ப்பது வரை?

தரவுத்தேடி

அதேதான். அளவு பார்ப்பதில் தொடங்கி ஈர உடை காய்வது வரை. அப்புறம் இன்னொன்று, கொடுத்தவரும் அதை உண்மையாகவே விட்டுவிட வேண்டும். "நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மாலையில் "அதைக் கேட்டீர்களா, இதை வாங்கினீர்களா" என்று விசாரித்தால் கண்காணிப்பு திரும்பவும் பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

தாழ்வாரம்

இது எனக்குக் கடினம்தான். ஆனால் நியாயம். நீச்சலையும் அணித் தேர்வையும் அவரிடம் முழுசாகக் கொடுத்துவிட்டு நான் வாய் திறக்காமல் இருந்து பார்க்கிறேன். மாமியாரின் கண் விஷயமும் அவருடைய அம்மா விஷயம்தானே, அதையும் அவரே மருத்துவரிடம் பேசட்டும்.

ஒற்றைத்துடுப்பு

மேலே பேசியது எல்லாம் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு. நான் மகளைத் தனியாக வளர்க்கும் அப்பா. என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதனால் எனக்கு மூத்தவள் அம்மா சொன்னதுதான் பொருந்துகிறது, குறைப்பது ஒன்றே வழி.

குறைப்பது எப்படி என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நேரம் குறித்த காரியம் ஒன்றுதான் வைத்துக்கொள்வேன். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வகுப்பு கிடையாது. வகுப்பு உள்ள நாளில் விருந்தாளி கிடையாது. "போகிற வழியில் அதையும் முடித்துவிடலாம்" என்ற எண்ணம்தான் நாளைக் கெடுப்பது. ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனிதர்கள் எப்போதும் குறைத்தே கணிப்பார்கள். 1979ல் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இதைத் திட்டமிடல் பிழை என்று குறித்தார்கள். பின்னர் 1994ல் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று சொன்னவர்களுக்கு 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன 48 சொச்ச நாளையும் அது தாண்டிவிட்டது.

ஏழு வயதுப் பிள்ளையைக் குளத்திலிருந்து வெளியே வரவைத்து, துவட்டி, உடை மாற்றி, மறந்த கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போய் வருவதெல்லாம் எந்த அட்டவணையிலும் இருக்காது. ஆகவே நீங்கள் நினைக்கும் நேரத்தோடு பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுநாளைக்கு வேண்டியதைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். 2018ல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரை உறக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதியினர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டியதை எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள்தான் சீக்கிரம் உறங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். பங்கு போட ஆள் இல்லாத வீட்டில் காகிதம் அந்தச் சுமையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

முழுநேரம்

சும்மா கிடக்க விடுங்கள் என்று சொல்வது எளிது. நானும் மனைவியும் காலையில் போனால் மாலையில்தான் திரும்புவோம். எட்டு வயதுப் பிள்ளை யாரோடு சும்மா கிடப்பான்? எங்களைப் போன்றவர்களுக்குக் கோடை முகாம் ஆசைக்காகப் போடுவது இல்லை, வேறு வழியில்லாமல் போடுவது. பெற்றோர் பரபரக்கிறார்கள் என்று படிக்கும்போது கொஞ்சம் வலிக்கிறது.

மூத்தவள்

நீ சொல்வது உண்மை அப்பா. வேலைக்குப் போகிறவர்களைச் சொல்லவில்லை. முகாம் இருந்தால் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு உள்ள நேரத்தையாவது இன்னொரு வகுப்புக்குக் கொடுத்துவிடாதே. அந்த நேரம் அவனுடையது.

முழுநேரம்

அப்படியென்றால் ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. மாலை வகுப்பு ஒன்றைச் சேர்க்க யோசித்துக்கொண்டிருந்தோம். விட்டுவிடுகிறோம்.

வெண்சீருடை

குழந்தைகள் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். இழையில் அட்டவணை பற்றியே பேச்சு போகிறது, வெயிலை யாரும் எடுக்கவில்லை. கோடையின் நடுவைவிடத் தொடக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. பழகிய உடலில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். முதல் வாரத்தில் இந்த மாற்றங்கள் இன்னும் நடந்திருக்காது. அதே வெப்பநிலை மாதக் கடைசியில் தாங்கும், இப்போது தாங்காது.

தாழ்வாரம், உங்கள் மகளுக்கு அணித் தேர்வு என்றீர்கள். அதற்குள் சில நாள் காலை நேரத்தில் வெளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பழகட்டும். தேர்வு அன்று தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தசைப் பிடிப்பு வந்தால் அது வெப்பக் களைப்பு. உடனே நிறுத்தி நிழலுக்கு வந்து, உடையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிற வேண்டும். நன்றாக விழிப்போடு இருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினால், குழப்பமாக நடந்துகொண்டால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும் நிலை அது. ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது, ஏனென்றால் இது காய்ச்சல் இல்லை. வியர்க்கிறதே, அப்படியானால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஓடி விளையாடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை தொடர்ந்து கொட்டலாம்.

உங்கள் மாமியாரையும் நினைவில் வையுங்கள். வயதாக ஆக தாக உணர்ச்சி மங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் வெயில் காலத்தில் அளவு மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பயணப்பை

எங்கள் வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. இதே வாரத்தில் நெடுந்தூரம் காரில் போக வேண்டும். வெயிலுக்குக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா அக்கா?

வெண்சீருடை

ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள், அதிலேயே போதிய நீர் இருக்கிறது. புட்டிப்பால் என்றால் அதையும் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்கலாம், ஆனால் நீர்க்கக் கலக்காதீர்கள். சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்குக் கூடுதல் தண்ணீரை வெளியேற்றும் பக்குவம் வந்திருக்காது. ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம்.

கார் பற்றிச் சொன்னீர்கள், அதையும் கேளுங்கள். நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். 2005ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரி இருந்த இதமான நாளிலேயே ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி ஆனது. மொத்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே வந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

இது அக்கறையற்றவர்களுக்கு நடப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். வழக்கம் மாறிய நாளில், தூக்கம் குறைந்த நாளில், பின் இருக்கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்போது மிகுந்த அன்புள்ள பெற்றோருக்கும் நடந்திருக்கிறது. கை பழகிய பாதையில் போகும், மனம் வேறெங்கோ இருக்கும். இந்த இழையில் எல்லாரும் சொல்லும் வாரம் அப்படிப்பட்ட வாரம்தான். கைப்பையையோ கைபேசியையோ பின் இருக்கையில், குழந்தைக்குப் பக்கத்தில் வையுங்கள். இறங்கும்போது பின்கதவைத் திறந்தாக வேண்டும். மருந்து கொண்டு போனால் அதையும் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், பல மருந்துகள் அந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

பயணப்பை

நன்றி அக்கா. பகல் உச்சியில் போவதாக இருந்தோம். விடியற்காலையில் கிளம்பும்படி மாற்றிவிடுகிறோம்.

கரும்பலகை

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் சந்திப்பு நாளில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "விடுமுறையில் எல்லாவற்றையும் மறந்துவிடுவானே, இன்றிலிருந்தே என்ன படிக்க வைப்பது?" என்பதுதான். இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 1996ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் பாடத்தளவு பின்தங்குகிறார்கள் என்றும், வாசிப்பைவிடக் கணக்கில் அது அதிகம் என்றும் சொன்னார்கள். பின்னாளில் வந்தவர்கள் அந்தப் பழைய அளவீட்டு முறைகளையே கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆகவே அதை வைத்துக்கொண்டு விடுமுறையின் முதல் நாளே பயிற்சித்தாளை நீட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வகுப்பறையில் இத்தனை வருடம் நின்று பார்த்ததில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதல் வாரம் பாடத்தைத் தொடாதீர்கள். அதன் பிறகும் பாடம் என்ற பெயரில் வேண்டாம். கணக்கு மறக்கக் கூடாது என்றால் வீட்டு வேலையில் கணக்கு இருக்கிறதே. பயணத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று பெரியவள் கணக்கிடட்டும். மேசையின் நீள அகலத்தைச் சின்னவன் அளந்து விரிப்பு போதுமா என்று சொல்லட்டும். வாசிப்புக்கு, பிள்ளை தானே தேர்ந்தெடுத்த புத்தகம். தரம் பற்றிய கவலை வேண்டாம். நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் அதே நாளில் புதிதாக எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், தனியாக ஒரு பயணம் மிச்சம்.

பெற்றோர் சந்திப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பெண்ணைத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே வந்தால் "என் பிள்ளை யாரோடு உட்காருகிறான், இடைவேளையில் என்ன செய்கிறான், எதைச் செய்யும்போது மலர்ச்சியாக இருக்கிறான்" என்று கேளுங்கள். வீட்டில் தெரியாத விஷயம் அதுதான். விடுமுறையில் யாரை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுவது என்பதற்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

நடுநிசி

தூங்கும் நேரத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பள்ளி முடிந்த அன்றே என் பையன்கள் இருவரும் நள்ளிரவுவரை விழித்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் பகலில் தூங்குகிறவன், அவர்கள் எழுந்து சத்தம் போடும் நேரமும் நான் படுக்கும் நேரமும் மோதுகிறது.

பதினேழு

நான் இங்கே எழுதலாமா தெரியவில்லை, எனக்கு வயது பதினேழு. அம்மாதான் இந்த இழையைக் காட்டினார்கள். பெரியவர்கள் எங்களைச் சோம்பேறி என்று சொல்வதால் எழுதுகிறேன். இரவு பதினொன்றுக்கு முன் எனக்குத் தூக்கமே வராது. படுத்தாலும் விழித்துக்கொண்டேதான் கிடப்பேன். பள்ளி நாட்களில் ஆறு மணி நேரம் தூங்கினால் அதிகம். விடுமுறையின் முதல் நாட்களில் பத்து மணிவரை தூங்குவது வருடம் முழுக்க விட்டுப்போனதற்காக. அந்த நாட்களில் கதவைத் தட்டாமல் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். எழுந்த பிறகு வீட்டில் எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன்.

வெண்சீருடை

நன்றாகச் சொன்னாய் தம்பி, தாராளமாக எழுது. அவன் சொல்வதில் உடலியல் இருக்கிறது. பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும், 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். ஆகவே முதல் சில நாள் பதினேழு வயதுப் பையன் கூடுதலாகத் தூங்கினால் தடுக்க வேண்டாம். அதுவே மாதக்கணக்கில் நீண்டால்தான் பகல் இரவு மாறிப்போகும்.

நடுநிசி, உங்கள் பையன்கள் சின்னவர்கள் என்று நினைக்கிறேன். படுக்கும் நேரத்தோடு போராடுவதைவிட எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளைவிட ஒரு மணி நேரம் தாமதமாக எழலாம், அதற்கு மேல் போக விடாதீர்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் இருக்கட்டும். காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். கோடையில் பொழுது சாய்வதே தாமதம் என்பதால் படுக்கையறையில் திரையை முன்னதாகவே இழுத்துவிடுங்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் உழைத்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலையில் வெயில் ஏறுவதற்குள் அதை வெளியே முடித்துவிட்டால் விளையாட்டும் ஆயிற்று, வெளிச்சமும் ஆயிற்று. நீங்கள் படுக்கும் நேரத்தில் வீடும் அமைதியாக இருக்கும்.

நடுநிசி

நல்ல யோசனை. பணி முடிந்து வந்ததும் நானே அவர்களை வெளியே கூட்டிப்போய்விட்டு, திரும்பி வந்து படுக்கலாம். மனைவிக்கும் காலையில் ஒரு மணி நேரம் தனியாகக் கிடைக்கும். அவரிடம் சொல்லிவிட்டேன். இனி இந்தக் காலை நேரம் முழுக்க என் பொறுப்பு, நீ எதுவும் நினைவூட்ட வேண்டியதில்லை என்று.

தாழ்வாரம்

இங்கே என் கணவரும் நேற்று இரவு எல்லாவற்றையும் படித்தார். நீச்சலை எடுத்துக்கொண்டார். வகுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டாயிற்று, மூத்தவள் அம்மாவுக்கு நன்றி. அவரே பயிற்சியாளரிடம் பேசியிருக்கிறார். நான் கேட்கவே இல்லாத ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், ஆழமான பக்கத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்களா என்று. எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. வார இறுதியில் உறவினர்களும் சேர்ந்து எல்லாப் பிள்ளைகளையும் குளத்துக்குக் கூட்டிப்போகும் திட்டமும் இருக்கிறது. வெண்சீருடை, பெரியவர்கள் எட்டுப் பேர் இருப்போம். அதனால் பயமில்லைதானே?

வெண்சீருடை

அவர் கேட்டது மிகச் சரியான கேள்விகள். ஆனால் எட்டுப் பேர் இருப்பதால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிடுவதால் யாருமே பார்க்காத நிமிடங்கள் வந்துவிடுகின்றன. நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்காக வாய் மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும்போது குரல் எழுப்ப முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கே பிள்ளை விளையாடுகிறான் என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் சிறுவர்கள் மிக அதிகம்.

ஆகவே பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது, பேச்சில் கலக்கக் கூடாது, கண் நீரின் மேலேயே இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், அதற்கு மேல் கவனம் நிற்காது. மாறும்போது "இனி நீங்கள் பார்க்கிறீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் "சரி, நான் பார்க்கிறேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் முதலாமவர் கண்ணை எடுக்க வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு கை தூரத்துக்குள் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும், கையில் மாட்டும் காற்றுப் பை பாதுகாப்புச் சாதனம் இல்லை. எல்லாரும் கரையேறிய பிறகு ஒரு தடவை தலைகளை எண்ணுங்கள். கிளம்பும் நேரத்துச் சந்தடியில் ஒரு பிள்ளை திரும்பவும் தண்ணீருக்குப் போயிருக்கலாம்.

தாழ்வாரம்

முதல் கால் மணி அவர், அடுத்தது நான், பிறகு நாத்தனார். மற்றவர்களின் பெயரையும் அவரே எழுதிக்கொண்டிருக்கிறார்.